ஆசிரியருக்குக் கடன் உண்டு; காணி எங்கே?

சொந்த வீடு வாங்கவோ கட்டவோ விரும்பும் அரசாங்க ஊழியருக்கு இந்நாட்டில் ஆதனக் கடன் என்றொரு சலுகை உண்டு. அரச வங்கி பணம் கொடுக்கும். வட்டியில் ஒரு பகுதியை ஊழியர் செலுத்துவார். எஞ்சியதை அரசாங்கம் ஏற்கும். அரசாங்கப் பாடசாலை ஆசிரியரும் அரசாங்க ஊழியரே. ஆகவே கொழும்பிலும் காலியிலும் கற்பிப்பவருக்குள்ள அதே உரிமை, பெரகல சந்தியிலிருந்து மேலே அப்புத்தளைக்கும் கீழே கொஸ்லந்தைக்கும் பிரியும் வீதிகளை அடுத்த தோட்டப் பாடசாலைகளில் கற்பிப்பவருக்கும் உண்டு. ஏட்டில் உண்டு. நாட்டில் உண்டா என்பதே நமது கேள்வி.

கடனுக்கு ஈடு வேண்டும். ஈட்டுக்குக் காணி வேண்டும். காணிக்கு உறுதி வேண்டும். காணியை விற்பதாயினும் ஈடு வைப்பதாயினும், அது எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையிருக்கக் கைச்சாத்திடப்படல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. வங்கி முகாமையாளர் உறுதியையும், நில அளவைப் படத்தையும், காணிப் பதிவகத்தின் பதிவையும் கேட்பார். லயத்தில் பிறந்து, லயத்து விளக்கில் படித்து, ஆசிரியராகத் திரும்பி வந்தவரிடம் இவற்றுள் எது உண்டு? தோட்டத்துப் பதிவேட்டில் தாய் தந்தையரின் பெயர் உண்டு. அவர்களுடைய உழைப்பின் பேரில் ஒரு காம்பரா உண்டு. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அது வெறும் அனுமதியே. அனுமதியை ஈடாக ஏற்கும் வங்கி எங்கும் இல்லை.

அதே 1840ஆம் ஆண்டில் வேறொரு சட்டமும் பிறந்தது. முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியின் சொத்தெனக் கருதச் செய்தது. மலைநாட்டுச் சிங்களக் குடியானவர் தம் சேனைக் காணியை இழந்த வரலாறு இது. அக்காலத்தில் முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங்குக்கு விலை போயிற்று. 1844இலேயே அது 1 பவுணாக உயர்ந்தது. வாங்கியோர் யார்? வெள்ளை முதலாளிமார் மாத்திரமல்லர். அரசாங்க உத்தியோகத்தரும், படை அதிகாரிகளும், நீதிபதிகளும் வாங்கினர். அரசாங்க ஊழியர் காணி வாங்குவதற்கு அரசாங்கம் வழிவிட்ட முதற் திட்டம் அதுவே என்றால் மிகையாகுமா? அன்றைய ஊழியருக்கு ஏக்கர் கணக்கில் கிடைத்த மலையில், இன்றைய ஊழியருக்குப் பேர்ச்சஸ் கணக்கிலும் கிடைப்பதில்லை!

அதன் பின்னர் இக்காணி பலமுறை கைமாறியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. குத்தகை 2045 வரை நீள்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தேயிலைச் செடியும் தொழிற்சாலையும் கணக்கில் வந்தன. அங்கே குடியிருந்தோர் உரிமையாளராக வரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்த பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் காத்திருந்தோம். தோட்டப் பாடசாலைகள் 1970களின் இறுதியிலிருந்து படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. பாடசாலை அரசாங்கத்தினுடையதாயிற்று, ஆசிரியரின் குடியிருப்போ கம்பனியின் குத்தகைக்குள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டுத் திட்டங்கள் இல்லையா என்று கேட்பார் உளர். உண்டு, நன்றியுடன் ஏற்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை ஊவா மறக்கவில்லை. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இரண்டாயிரம் அளவிலான பயனாளிகளுக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அப்பத்திரம் காணிப் பதிவகம் ஏறுமா, வங்கியில் செல்லுமா என்பதைக் கொண்டே சட்டம் அறிந்தோர் அதனை மதிப்பிடுவர். மேலும், இத்திட்டங்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை முன்வைத்து வகுக்கப்பட்டவை. தொழிலாளியல்லர் என்று ஒரு பட்டியலும், காணியுடையவரல்லர் என்று மற்றொரு பட்டியலும் தள்ளிவிட, ஆசிரியர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

விளைவு யாது? நகரத்தில் வாடகை வீடு, விடியுமுன் பஸ் பயணம், பின்னர் இடமாற்ற விண்ணப்பம். இழப்பு பிள்ளைகளுக்கு. அமெரிக்காவில் நலிந்த பகுதிகளிலுள்ள அரசாங்க வீடுகளை ஆசிரியர் முதலியோருக்குப் பாதி விலைக்கு விற்கும் திட்டமொன்று உண்டு. மூன்று ஆண்டுகள் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும் என்பது நிபந்தனை. ஆசிரியர் ஊரில் தங்குவது ஊருக்கு நன்மை என்பதை உணர்ந்தோர் வகுத்த ஏற்பாடு அது.

“தொழிலாளிக்கே வீடில்லாதபோது ஆசிரியருக்கு முன்னுரிமையா?” என்ற வினா நியாயமானது. தொழிலாளியின் பங்கில் ஒரு செங்கல்லையும் நாம் கேட்கவில்லை. ஆசிரியர் கேட்பது இலவச வீடன்று. உறுதியைக் கொடுத்தால் அவர் கடன் பெறுவார். தம் சம்பளத்திலிருந்து கட்டி முடிப்பார். தேயிலை நிலம் குறைந்துவிடும் என்று கம்பனிகள் முறையிடலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஆளுக்கு 10 பேர்ச்சஸ் வீதம் நூறு ஆசிரியருக்குத் தேவைப்படுவது ஆறேகால் ஏக்கர். பாதைக்கும் சேர்த்தாலும் சிறிது கூடும், அவ்வளவே. மேலும், குத்தகைக்காரர் கம்பனியார், காணிக்காரர் அரசன்றோ?

எனவே நமது கோரிக்கை தெளிவானது. மண்சரிவு அபாயமற்ற இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்றுடன் தெரிந்து, அளந்து, குத்தகையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அங்கேயே பிறந்து கற்பிக்கும் ஆசிரியருக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும், ஈடு வைக்கத்தக்க பூரண உறுதி எழுதிப் பதிய வேண்டும். குறித்த காலம் அப்பிரதேசத்தில் சேவை செய்வேன் என்ற உடன்படிக்கையை அவரிடம் பெறலாம். அதற்கு அவர் மறுக்கப்போவதில்லை.

கடன் தொகையைக் கூட்டுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்பது முறையே. ஆனால் காணியில்லாதவருக்குக் கடன் தொகை எவ்வளவு கூடினாலும் பயன் என்ன? மலைநாட்டின் வாக்குகளால் பாராளுமன்றம் சென்றோர் எக்கட்சியினராயினும், வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஆதனக் கடன் என்ற சொல் எழும்போதெல்லாம் எழுந்து நின்று கேட்க வேண்டியது ஒன்றே: எங்கள் ஆசிரியரின் உறுதி எங்கே?