எஞ்சிய நிரைகள் எங்கே?

பி.எச்.பி. கற்கத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே ஒரு குழப்பத்தைச் சந்திப்பர். அட்டவணையில் பத்து நிரைகள் இருக்கும். வினவலும் பிழையின்றி எழுதப்பட்டிருக்கும். திரையில் ஒரே ஒரு நிரைதான் தோன்றும். காரணம் எளியது. ‘மைஎஸ்க்யூஎல்ஐ ஃபெட்ச் அசாக்’ என்னும் செயற்கூறு, ஒரு முறை அழைக்கப்பட்டால் ஒரு நிரையை மட்டுமே எடுத்துத் தரும். அடுத்த நிரை வேண்டுமெனில் மீண்டும் அழைக்க வேண்டும். நிரைகள் தீர்ந்தபின் அது ‘நல்’ என்னும் வெறுமையைத் திருப்பித் தரும். அந்த வெறுமை வரும்வரை அழைத்துக்கொண்டே இருப்பதற்குத்தான் ‘வைல்’ மடக்கு. எல்லாவற்றையும் ஒரே அணியாகப் பெற ‘ஃபெட்ச் ஆல்’ என்னும் செயற்கூறும் உண்டு. அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் பாடம் இது.

மொழிகளின் தரவுத்தளங்களைப் பொறுத்தவரை இப்பாடம் இன்னும் தீரவில்லை. அங்கே நிரைகள் தொலைவது தொடக்கநிலை மாணவரின் கவனக்குறைவால் அன்று. தேர்ந்தவர்கள், நேர்த்தி வேண்டி, தெரிந்தே எழுதும் வரிகளால் அவை தொலைகின்றன. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால் தொலைந்ததை எவரும் தேடுவதும் இல்லை. இதன் விளைவை அறிய அந்தமானைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை.

1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ரிச்சர்ட் டெம்பிள் தலைமை ஆணையராக இருந்த காலத்தில் நடந்தது. இன்று ‘பெரிய அந்தமானியர்’ என ஒரே பெயரால் அழைக்கப்படும் மக்களை அது பத்துக் குழுக்களாகப் பதிவு செய்தது: கரி 39, கோரா 96, போ 48, ஜேரு 218, கேடே 59, கோல் 11, ஜுவாய் 48, புசிக்வார் 50, பேயா 37, பலே 19. மொத்தம் 625 பேர். குழு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழி உடையது. பதினொரு பேரே எஞ்சியிருந்த கோல் குழுவுக்கும் அந்த அட்டவணையில் ஒரு தனி நிரை இருந்தது.

அந்தக் கணக்கெடுப்பைக் கருணையின் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. 1858-இல் நிறுவப்பட்ட தண்டனைக் குடியேற்றமும், அதன் வழியே பரவிய நோய்களும், குறிப்பாக 1877-இன் தட்டம்மையும் அம்மக்களை அழித்தன. எண்ணியவர்களும் அழிவுக்குக் காரணமானவர்களும் ஒரே நிர்வாகத்தினர். தனி நிரை இருந்தது எந்த மொழியையும் காப்பாற்றிவிடவில்லை. ஆயினும், எது அழிந்தது என்று இன்று பெயர் சொல்லிக் கூற முடிவது அந்தப் பத்து நிரைகளால்தான். போர்ட்மேன் 1898-இல் வெளியிட்ட நூல் தென்னந்தமான் மொழிகள் ஐந்தின் சொற்களை அருகருகே வைத்து ஒப்பிட்டது. பேயா மொழிக்கு ஈ. எச். மேன் தொகுத்த அகராதி 1923-இல் நூலாயிற்று.

எஞ்சியோர் ஒன்றாக வாழ நேர்ந்தபோது, வடபகுதியின் ஜேரு, கோரா, போ, சாரே ஆகியவை கலந்து ஒரு பொதுப்பேச்சு உருவானது. அதில் ஜேருவின் கூறுகளே மிகுதி. மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 முதல் களப்பணி செய்து ஆவணப்படுத்தியது இந்த மொழியைத்தான். அவர் தொகுத்த ஆங்கிலம்–பெரிய அந்தமானியம்–இந்தி அகராதி 2012-இலும், இலக்கண நூல் 2013-இலும் வெளிவந்தன. அதற்குள்ளாகவே கோரா பேசிய கடைசி மனிதர் 2009-இல் மறைந்தார். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். சாரே பேசிய லிச்சோ 2020-இல் மறைந்தார். அச்சமூகத்தின் இன்றைய தலைமுறையினர் அன்றாடம் பேசுவது இந்தி.

இத்தகைய மொழிக்கு ஓர் இணைய அகராதி அமைப்பதாகக் கொள்வோம். ஒரு பொருளுக்கு நான்கு மொழிகளிலிருந்து நான்கு சொற்கள் இருக்கலாம். ஒரே மொழியில் இரு பேச்சாளர்கள் இரு வடிவங்களைத் தந்திருக்கலாம். இதன் மேல், உடலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, அதற்கேற்ற முன்னொட்டுகளைப் பெயர், வினை, பெயரடை என எல்லாவற்றிலும் சேர்க்கும் இலக்கணம் இம்மொழியினுடையது என்று அப்பி விளக்குகிறார். ஒரே வேர் வெவ்வேறு முன்னொட்டுகளுடன் வெவ்வேறு பொருள் தரும். மொழிப்பெயர்களிலேயே இதைக் காணலாம். அகா-ஜேரு, அகா-போ, அகா-பேயா ஆகியவற்றின் ‘அகா’ வாயையும் அதன் வழியே பேச்சையும் சுட்டும் முன்னொட்டு. அதுவே ஒக்கோ-ஜுவாய், அகர்-பலே என்னும் பெயர்களில் வேறு வடிவம் கொள்கிறது. ஆகவே இங்கே ஒரு வினவலுக்குப் பல நிரைகள் விடையாக வருவது விதிவிலக்கன்று, இம்மொழியின் இயல்பு.

இந்த இயல்பை பி.எச்.பி.யின் சில வழக்கமான வரிகள் எப்படிக் குலைக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ‘பிடிஓ’ வழங்கும் ‘ஃபெட்ச் கீ பேர்’ என்னும் வசதி. இரண்டு நிரல்களை எடுத்து, முதலாவதைத் திறவுகோலாகவும் இரண்டாவதை மதிப்பாகவும் கொண்ட அணியாக அது தரும். பொருளைத் திறவுகோலாகவும் சொல்லை மதிப்பாகவும் வைத்தால் அகராதி தயார் என்று தோன்றும். ஆனால் ஓர் அணியில் ஒரு திறவுகோல் ஒரு முறைதான் இருக்க முடியும். ஒரே பொருளுக்கு நான்கு நிரைகள் வந்தால், ஒவ்வொன்றும் முந்தியதை அழித்து அமரும். கடைசியாக வந்தது மட்டும் நிற்கும். மூன்று மொழிகளின் சொற்கள் ஓசையின்றி மறையும். இதே இடத்தில் ‘ஃபெட்ச் குரூப்’ என்பதைப் பயன்படுத்தினால் ஒரு பொருளின் கீழ் எல்லா நிரைகளும் தொகுப்பாக நிற்கும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல்.

இரண்டாவது, ‘குரூப் பை’. பொருளை வைத்துத் தொகுத்துவிட்டு, சொல்லையும் காட்டச் சொன்னால், எந்த நிரையின் சொல்லைக் காட்டுவது? பழைய மைஎஸ்க்யூஎல் ஏதோ ஒன்றைத் தானே பொறுக்கிக் காட்டிவிடும். 2015-இல் வந்த 5.7 பதிப்பு முதல், இயல்பு அமைப்பில் இத்தகைய வினவல் மறுக்கப்படுகிறது. இது நேர்மையான மறுப்பு: எதைக் காட்டுவது என்பதை எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மென்பொருள் சொல்கிறது. ஆனால் இந்த மறுப்பைக் கண்டதும் பலர் செய்வது, அமைப்பைத் திறந்து அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவது. பக்கம் மீண்டும் ஓடும். பொறுக்கும் உரிமை மீண்டும் தற்செயலுக்குப் போய்விடும்.

மூன்றாவது, ‘இன்னர் ஜாயின்’. சொற்களுக்கு ஓர் அட்டவணை, இந்தி நிகர்களுக்கு ஓர் அட்டவணை, ஒலிக்கோப்புகளுக்கு ஓர் அட்டவணை என வைத்து மூன்றையும் இவ்வாறு இணைத்தால், மூன்றிலும் இடம்பெற்ற சொற்கள் மட்டுமே திரைக்கு வரும். இந்தியில் ஒரு சொல்லில் அடங்காத கருத்துகள், பதிவு செய்யுமுன் பேச்சாளர் மறைந்துபோன சொற்கள் ஆகியன வெளியே நிற்கும். அதாவது, எந்தச் சொற்களுக்காக அகராதி மிகவும் தேவையோ அந்தச் சொற்களே விடுபடும். ‘லெஃப்ட் ஜாயின்’ எழுதினால் அவை வெற்றுக் கட்டங்களுடன் தோன்றும். பக்கத்தின் அழகு சற்றுக் குறையும். ஆனால் அந்த வெற்றுக் கட்டமும் ஒரு செய்தியே.

நான்காவது, வரிசை. ‘ஆர்டர் பை’ எழுதப்படாத வினவல் நிரைகளை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் வாசிப்பவர் முதலில் வந்ததையே ‘சரியான’ சொல்லாகவும், பின்வருவனவற்றைத் திரிபுகளாகவும் கொள்வார். ‘லிமிட் 1’ சேர்த்துவிட்டால் அந்தத் திரிபுகளும் இல்லை. ஒரு மொழிக்குத் தரவடிவம் உருவாகப் பள்ளியும் அச்சும் நூற்றாண்டுகளும் தேவைப்பட்டன. இங்கே அதை ஒரு வரி நிரல் செய்து முடிக்கிறது, பேசியவர்களில் எவரையும் கேட்காமல்.

இவையெல்லாம் நிரலாளரின் மேசையில் மட்டும் நடப்பவை அல்ல. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இத்தகைய ஒரு வினவலாக இயங்குகிறது. 1971 முதல், 10,000-க்கும் குறைவானோர் பேசும் மொழிகள் தனியே வெளியிடப்படுவதில்லை. 2011-இல் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. அவை ஆராயப்பட்டு 1,369 தாய்மொழிகளாக வகைப்படுத்தப்பட்டன. வெளியான பட்டியலில் இருப்பவை 121 மொழிகள். ‘குரூப் பை’ எழுதி, அதன்மேல் ‘ஹேவிங்’ என்று ஒரு வரம்பு வைத்தால் கிடைக்கும் விடை இதுதான். ஜாரவா, ஓங்கே, பெரிய அந்தமானியம் ஆகிய மூன்றுக்கும் அதில் நிரை இல்லை. நிக்கோபாரீஸ் என்று ஒரு நிரை உண்டு. ஆனால் அதற்குள் கார், சௌரா, தெரெஸ்ஸா, நான்கௌரி எனத் தம்முள் வேறுபட்ட பேச்சுகள் ஒரே எண்ணாக்கப்பட்டுள்ளன. 11 பேருக்கு நிரை தந்த 1901-ஐயும் 10,000 பேர் கேட்கும் 1971-ஐயும் அருகருகே வைத்தால், சுதந்திர நாட்டின் வினவல் காலனி ஆட்சியின் வினவலைவிடக் குறைவாகவே காட்டுகிறது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. சிறு எண்களை வெளியிட்டால் தனிமனிதர் அடையாளம் வெளிப்படும் என்பர். கவலை நியாயமானதே. ஆனால் அதே 2011 கணக்கெடுப்பு பழங்குடியினர் அட்டவணையில் பெரிய அந்தமானியர் 44 பேர், ஓங்கேக்கள் 101 பேர் என்று வெளியிட்டிருக்கிறது. மக்களின் எண்ணிக்கையைச் சொல்லத் தடையில்லாத இடத்தில், அவர்தம் மொழியின் பெயரைச் சொல்ல மட்டும் தடை ஏன்? எண் வேண்டாமெனில் எண் இல்லாமல் பெயரை மட்டுமாவது அச்சிடலாம். வெற்றுக் கட்டத்துடன் ஒரு நிரை, அதாவது ஒரு ‘லெஃப்ட் ஜாயின்’, போதும்.

அகராதிப் பக்கத்திற்கும் ஒரு மறுமொழி சொல்லப்படும்: பயனருக்கு ஒரு விடைதான் வேண்டும், பத்து நிரைகளைக் கண்டால் பக்கத்தை மூடிவிடுவார் என்று. பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுவதில் தவறில்லை. ஒன்றை மேலே வைத்து மற்றவற்றை மடித்து வைப்பதிலும் தவறில்லை. மடித்து வைத்திருப்பதைச் சொல்லாமல் விடுவதே தவறு. ‘நான்கு வடிவங்களில் ஒன்று காட்டப்படுகிறது’ என்று ஒரு வரி, ஒவ்வொரு சொல்லின் அருகிலும் மொழியின் பெயர், சொன்னவர் இசைந்திருந்தால் அவர் பெயர். இம்மூன்றும் இருந்தால் சுருக்கம் மறைப்பாகாது.

தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2011-இல் 3,80,581 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தமிழ் தாய்மொழி. வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடியாகத் தமிழின் நிரை பாதுகாப்பாக நிற்கிறது. ஆனால் தமிழ் என்னும் அந்த எண்ணும் ஒரு ‘குரூப் பை’யின் விளைவே. அகில இந்தியப் பட்டியலில் இருளர் மொழியும் எருகலா மொழியும் தமிழ் என்னும் தலைப்பின் கீழ்ச் சேர்த்தே எண்ணப்படுகின்றன. தம் மொழி பிறிதொன்றின் உட்பிரிவாக எண்ணப்படுவதைத் தமிழர் எந்நாளும் ஏற்றதில்லை. பிற மொழிகள் தம் பெயரின் கீழ்க் கரைக்கப்படும்போது மட்டும் அதைப் பெருமையாகக் கொள்வது அறமாகாது. மேலும், தமிழ் வட்டார வழக்குகளுக்கு இன்று உருவாகும் சொல்வங்கிகளும் இதே பி.எச்.பி.யிலும் இதே மைஎஸ்க்யூஎல்லிலும் எழுதப்படலாம். கன்னியாகுமரியின் சொல்லும் யாழ்ப்பாணத்தின் சொல்லும் ஒரே திறவுகோலுக்காக மோதும்போது எது அழியும் என்பது, அந்த நிரலை எழுதியவரின் ஒரு வரியில் இருக்கிறது.

ஆகவே மொழித் தரவுத்தளம் எதுவாயினும் அதை ஏற்குமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். அட்டவணையில் உள்ள நிரைகளை எண்ணுக. திரைக்கு வரும் நிரைகளை எண்ணுக. இரண்டும் ஒத்திருந்தால் நன்று. ஒத்திராவிடில், எவை விடுபட்டன, எந்த வரியால் விடுபட்டன, அந்த வரியை யார் முடிவு செய்தார் என்று கேட்க வேண்டும். மொழியியல் துறைகள் இக்கேள்வியை நிரலாளரிடம் விட்டுவிட்டு ஒதுங்குவது வழக்கம். களத்தில் ஒரு மூதாட்டி இரண்டு வடிவங்களைச் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளும் ஒழுக்கம் கொண்டவர்கள், திரையில் ஒன்று மட்டும் வரும்போதும் அதே ஒழுக்கத்தைக் காட்ட வேண்டும்.

வெறுமை வரும்வரை அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த முதல் வாரப் பாடம். அந்தமானில் நான்கு மொழிகளுக்கு அழைத்தால் விடை சொல்ல நிரைகளேனும் உள்ளன. அவற்றையும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.