கற்றலின் நான்கு கூறுகள்

ஒருவன் ஒரு நூலில் நிறைந்த புலமை பெறுதல் எவ்வாறு என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வகுத்துரைத்துள்ளார். ஆசிரியர் உரைப்பதைப் பழுதறக் கேட்கும் மாணாக்கன் காற்கூறு புலமையே பெறுகிறான். உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்கூறு வாய்க்கிறது. கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்குங்கால் எஞ்சிய அரைக்கூறும் கைகூடுகிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன் வகுக்கப்பெற்ற இக்கணக்கின் உண்மையைக் கொரோனாப் பெருந்தொற்று உலகினர்க்கு மீண்டும் உணர்த்தியது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. அத்திங்கள் 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பங்குனித் திருவிழாவில் மக்கள் வெள்ளம் பெருகும் மயிலை மாட வீதிகள் வெறிச்சோடின. கால் வைக்கவும் இடமின்றி நெருக்கமுறும் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கடைகள் அடைபட்டன. அடையாற்றுப் பள்ளிகளில் மணியோசை ஓய்ந்தது. அவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் பொதுத்தேர்வின்றியே தேர்ச்சி பெற்றவராக அறிவிக்கப்பட்டனர்.

பள்ளி மூடினும் கல்வி நின்றுவிடலாகாது எனப் பலரும் முயன்றனர். ஆசிரியர் பலர் தம் இல்லத்திலிருந்தே கணினி வாயிலாகவும் கைபேசி வாயிலாகவும் பாடம் நடத்தினர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழக அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி, பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. நோய்க்கு அஞ்சி வீட்டினுள் ஒடுங்கியிருந்த சிறுவர்க்கு ஆசிரியரின் குரல் ஊன்றுகோலாயிற்று. பாடத்தை இருமுறை கேட்பின் பிழை பெரிதும் நீங்கும் என்பதும் நன்னூலார் கருத்தே. பதிவு செய்யப்பெற்ற பாடம் அவ்வாய்ப்பை நல்கியது. ஆதலின், வீட்டிலிருந்து கற்கும் முறையைப் பயனற்றதென ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது.

எனினும், அக்குரல் எல்லார் செவிக்கும் ஒருபடித்தாக எட்டவில்லை. மாடி வீட்டில் தனியறையும் கணினியும் உடைய சிறுவன் இடையூறின்றிப் பாடம் கேட்டான். மயிலாப்பூரின் கீழ்ப்புறத்து நொச்சிக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் சிறு வீடுகளில் வாழும் குடும்பங்களின் நிலை வேறு. ஒரு வீட்டிற்குக் கைபேசி ஒன்றே இருப்பின், தந்தை தொழிலுக்குச் செல்லுங்கால் அதுவும் உடன் செல்லும். அவர் திரும்பிய பின்னரும், மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளில் பயின்றால் அதனை யார் கையில் கொடுப்பது? தாய்க்கு இது தீராத வழக்கு. பெரும்பாலும் மூத்தவள் விட்டுக் கொடுப்பாள். அவள் பாடம் நின்றுவிடும். வறுமையால் புத்தகத்தை வைத்துவிட்டு வேலைக்குச் சென்ற சிறுவரும் உளர். ஆக, நன்னூலார் கூறிய முதற் காற்கூறும் இவர்கட்கு முழுமையாகக் கிட்டவில்லை.

கணினி பெற்றவர்க்கேனும் எல்லாம் கிட்டினவோ எனின், இல்லை. வகுப்பறையில் மாணவன் விழிப்பதைக் கண்டே அவன் பொருளுணரவில்லை என்பதை ஆசிரியர் அறிவார். உடனே மற்றோர் எடுத்துக்காட்டுத் தருவார். திரையில் முகம் மறைந்திருப்பின் அஃது இயலாது. பக்கத்து இருக்கைத் தோழனிடம் மெல்லக் கேட்டு ஐயம் தீர்தலும், தோற்ற கணக்கை நால்வர் கூடிப் போட்டுப் பார்த்தலும், தான் அறிந்ததைப் பிறனுக்குச் சொல்லுங்கால் தானே தெளிவு பெறுதலும் தனியறையில் எளிதில் நிகழ்வன அல்ல. இரண்டாம் கூறும் அரைக்கூறும் கூட்டுறவில் விளைவன.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகள் திறக்கப்பட்டன. ஓர் அறையில் மாணவர் தொகை குறைக்கப்பட்டது; முறைவைத்து அவர்கள் வரலாயினர். பள்ளிக்கு வருமாறு எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. பெற்றோர் விரும்பின் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் பயிலலாம். முதியோரும் நோயுற்றோரும் உள்ள இல்லங்கட்கு இந்நெகிழ்ச்சி பேருதவியாயிற்று. நவம்பர் முதல் நாள் இளஞ்சிறாரும் பள்ளி புகுந்தனர். விடுபட்ட கல்வியை ஈடுசெய்ய அதற்குச் சின்னாள் முன்னரே, அக்டோபர் 27ஆம் நாள், ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. தன்னார்வலர் மாலைதோறும் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தனர்.

வீடா, பள்ளியா எனத் தேர்ந்துகொள்ளும் உரிமை நன்று. ஆனால், இரண்டும் கைக்கெட்டியவனே தேர்ந்தெடுக்க வல்லவன்; கைபேசியும் இல்லாதவனுக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். எனவே, மீண்டும் ஒரு பெருந்தொற்று நேரின், கருவியற்ற பிள்ளைகட்குக் கருவி வழங்குதலும், நோயின் கடுமை தணிந்தவுடன் பள்ளிக் கதவை அவர்கட்கே முதலில் திறத்தலும் சமுதாயத்தின் கடமையாகும். மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. தாம் கேட்ட பாடத்தைக் கேளாத தோழனுக்கு எடுத்துரைத்தலே அது. அவ்வாறு உரைப்பவன் பிறன் குறையை நிரப்புவதோடு தன் புலமையின் அரைக்கூற்றையும் நிரப்பிக் கொள்கிறான்.