பயணத்துக்கு முன் ஒரு பயிற்சி

அயல்நாடு செல்வோர் கடவுச்சீட்டையும் உடைகளையும் மருந்துகளையும் மறவாது எடுத்துவைக்கின்றனர். செல்லும் நாட்டின் பழக்கவழக்கங்களையோ, புறப்படுவதற்கு முந்தைய இரவில் ஒரே மூச்சில் படித்து முடிக்கின்றனர். அவ்வாறு படித்தவற்றுள் பெரும்பகுதி, தேவைப்படும் வேளையில் நினைவுக்கு வருவதில்லை.

ஜப்பானைச் சான்றாகக் கொள்ளலாம். அங்கு இல்லத்தின் வாயிலிலேயே காலணியைக் களைதல் மரபு. வீட்டினுள் அணியத் தரும் செருப்பையும், ‘தத்தாமி’ என்னும் பாய் பரப்பிய அறைக்குள் அணிந்து செல்லலாகாது. சோற்றுக் கிண்ணத்தில் உண்குச்சிகளைச் செங்குத்தாக ஊன்றுதல், இறந்தோர்க்குப் படையலிடும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுதல், எரியூட்டிய பின் எலும்புகளை எடுக்கும் சடங்கை நினைவூட்டும். இவற்றை மறந்த விருந்தினர், அன்போடு உணவளித்தவரின் மனத்தைத் தம்மை அறியாமலே வருத்திவிடுவார்.

‘கைப்பேசியில் தேடிக்கொள்ளலாமே’ என்பர் சிலர். ஐயம் எழுந்தால்தானே தேடத் தோன்றும்? குச்சியைச் சோற்றில் ஊன்றும் கைக்கு ஐயமே எழுவதில்லை. ஆகவே, பண்பாட்டறிவு கருவியில் இருந்தால் போதாது. நினைவில் நிலைபெற வேண்டும்.

அதற்கு வழி உண்டு. ஜெர்மானிய உளவியலறிஞர் எர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை ஆராய்ந்தார். கற்றவை முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகின்றன என்பதை 1885இல் வெளியான தம் நூலில் காட்டினார். ஒரே அமர்வில் பலமுறை படிப்பதினும், பல நாள்களுக்குப் பகிர்ந்து படித்தலே சிறந்தது என்பதும் அவர் கண்ட உண்மை. இதனை எளிய பயிற்சியாக்கியவர் செபாஸ்டியன் லைட்னர். 1972இல் அவர் விளக்கிய முறைக்குச் சில அறைகள் கொண்ட ஒரு பெட்டியும் அட்டைகளுமே போதும். அட்டையின் ஒருபுறம் வினா; மறுபுறம் விடை. சரியாக விடை கூறிய அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். அது மேலும் சில நாள் கழித்தே மீண்டும் எடுக்கப்படும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும்.

பயணத்துக்கு ஒரு திங்கள் முன்னரே இதனைத் தொடங்குதல் நன்று. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். அட்டையில் ‘செய்யாதே’ என்று மட்டும் எழுதாமல், அவ்வழக்கத்தின் காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் தெரியாத விதி மனப்பாடமாகவே நின்றுவிடும். காரணம் தெரிந்தால் அது மதிப்பாக மாறும்.

விருந்தோம்பல் வீட்டாரின் கடமை என்றால், அவ்வீட்டின் மரபை அறிந்து செல்லுதல் விருந்தினரின் கடமையாகும். அக்கடமையைப் புறப்படும் இரவுக்கு ஒத்திவைத்தல் தகாது.