மாலை வாடும், விதை முளைக்கும்

ஊருக்கு உழைத்த ஒருவர் மறைந்தால் முதல் வேலையாக ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். அவர் விளையாட்டு வீரராகவும் இருந்தால் அவர் பெயரில் ஒருநாள் போட்டி, ஒரு கோப்பை. மறுவாரம் ஃப்ளெக்ஸ் கிழிந்து நம் வரப்பில் கிடக்கும். கோப்பை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும். அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

ஜெய்பால் சிங் முண்டாவைப் பாருங்க. இன்றைய ஜார்க்கண்டில் முண்டா பழங்குடியில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது ஹாக்கிக்காக விடுப்பு கேட்டார். கிடைக்கவில்லை. இருந்தும் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்குப் போனார். இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வென்ற அந்த அணிக்கு அவர்தான் கேப்டன். பிறகு ஐ.சி.எஸ்ஸையும் விட்டார். 1939இல் ஆதிவாசி மகாசபைத் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் நிலத்துக்காகவும் உரிமைக்காகவும் பேசினார். மக்கள் அவரை 'மராங் கோம்கே', அதாவது பெருந்தலைவர், என்றார்கள். 1970இல் மறைந்தார்.

2021இல் ஜார்க்கண்ட் அரசு அவர் பெயரில், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க உதவித்தொகை தொடங்கியது. அவருக்குக் கிடைத்த வாய்ப்பு அவர் இனத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்து இதுதான் சரியான அஞ்சலி.

அரசுப் பணம் இருந்தால்தான் முடியுமா? நம்ம நெல் ஜெயராமன் செய்ததை நினைச்சுப் பாருங்க. 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். 2018 டிசம்பரில் மறைந்தார். நெல் திருவிழா நிற்கவில்லை. அந்த விதை கை மாறிக் கொண்டேதான் இருக்கிறது.

வங்கிக்காரன் கணக்கில் சொல்கிறேன். 100 பேருக்கு இரண்டிரண்டு கிலோ, ஆக 200 கிலோ. எல்லோரும் திருப்பித் தந்தால் அடுத்த ஆண்டு 400 கிலோ, 200 பேருக்கு. பண வைப்பு இப்படி ஒரே ஆண்டில் இரட்டிப்பாகாது. ஆனால் முதல் கரையாது. ஃப்ளெக்ஸுக்கும் பட்டாசுக்கும் போகும் ஒரு லட்சத்தை வைப்பில் போட்டு, 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7,000 ரூபாய் வரும். ஓடுகிற பிள்ளை ஒருத்திக்கு ஷூவும் பஸ் செலவும் நோட்டுப் புத்தகமும் வருடா வருடம் ஆகும்.

வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் கபடியும் கால்பந்தும் இருக்கும் ஊர்கள்தான். கூடவே அனல் மின் நிலையச் சாம்பலும், உவர் ஏறிய நிலமும் இருக்கிறது. இங்கே ஒரு வீரரின் நினைவு நாளில் போட்டி நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவர்களுக்குப் பாரம்பரிய அரிசியில் சோறு போடுங்க. வென்ற அணிக்குக் கோப்பையோடு, உவர் தாங்கும் குழியடிச்சான் விதை இரண்டு கிலோ கொடுங்க. நிலம் உள்ள ஒருவரிடம் அவர்கள் சேர்க்கட்டும். அடுத்த ஆண்டு நான்கு கிலோ வரவேண்டும் என்பதே போட்டியின் விதி.

இதற்கு இரண்டு பேர் பொறுப்பெடுத்து நோட்டுப் போட்டு எழுதணும்: யாருக்கு எவ்வளவு, எப்போது திரும்பியது என்று. கணக்கு இல்லாத தர்மம் இரண்டாவது வருஷமே நின்றுவிடும். மறைந்தவர் பெயர் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தால் போதும்.