வரப்பைத் தாண்டினால் வேறு கணக்கு: டிராக்டரும் சாலைச் சட்டமும்

கேள்வி: "எங்கள் வீட்டில் டிராக்டரும் டிரெய்லரும் இருக்கின்றன. எனக்கு முழங்கால் வலி என்பதால், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன்தான் லீவு நாட்களில் உழவு ஓட்டுகிறான். வீட்டிலிருந்து வயல் இரண்டு கிலோமீட்டர். பாதி வாய்க்கால் கரை, பாதி தார்ச்சாலை. நடவு நாளில் பெண்களை டிரெய்லரில்தான் ஏற்றிப் போகிறோம். இதுவரை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. இருந்தாலும், இது சரியா?"
– ஒரத்தநாடு பகுதி வாசகர்

யாரும் நிறுத்திக் கேட்காததால்தான் இந்தப் பழக்கம் ஊர் ஊராகத் தொடர்கிறது. கேள்வி விபத்துக்குப் பிறகுதான் வரும். அப்போது கேட்பவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலாக இருப்பார். ஆகவே கடிதத்தில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

முதலில் வாய்க்கால் கரை. தார் போட்டால்தான் சாலை என்று பலர் நினைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'பொது இடம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த வழியும் பொது இடம்தான். மண் பாதை, வாய்க்கால் கரை, ஊர்ப் பொதுக் களம் எல்லாம் அதில் அடங்கும். லைசென்ஸும் இன்சூரன்ஸும் அங்கேயே கட்டாயமாகிவிடுகின்றன. சொந்தப் பட்டா நிலத்துக்குள் ஓடும்வரை சட்டம் லைசென்ஸ் கேட்பதில்லை. வரப்பைத் தாண்டிப் பொதுவழியில் சக்கரம் ஏறிய உடனே கணக்கு மாறிவிடும்.

அடுத்தது மகன். டிராக்டர் ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் சிறிய கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டுமே; அதை வைத்து டிராக்டரைத் தொடக்கூடாது. 2019-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது வெறும் அபராத விஷயமாக இல்லை. 18 வயது ஆகாதவர் பொதுவழியில் ஓட்டிப் பிடிபட்டால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. நாளைக்கு ஓட்டுநர் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய தடை என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

வயலுக்குள் ஓட்டலாமா என்றால், சட்டம் தடுக்கவில்லை. அறிவு தடுக்க வேண்டும். வரப்பு ஏறும்போது முன்பக்கம் தூக்கிக் கவிழ்வதும், ரொட்டவேட்டரில் துணி சிக்குவதும் வயலுக்குள்தான் நடக்கின்றன. முழங்கால் வலி இருக்கும் வரை, வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். படிக்கிற பிள்ளையை இருக்கையில் ஏற்றுவதைவிட அது மலிவுதான்.

பெரியவர்களின் லைசென்ஸ் பற்றியும் குழப்பம் இருக்கிறது. கார் ஓட்ட வாங்கிய இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால், வெற்று எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டரை ஓட்டலாம். நம் ஊர் டிராக்டர்கள் அதற்கு வெகு கீழேதான் இருக்கும். டிரெய்லர் கோர்த்த காரணத்தால் மட்டும் டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியிருக்கிறது. இலகுரக வாகன லைசென்ஸ் பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது.

இனி டிரெய்லரில் ஏறும் நடவுப் பெண்கள். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது இதுதான்.

டிராக்டரில் சட்டப்படி ஓர் இருக்கைதான் உண்டு; அது ஓட்டுநருக்கு. மட்கார்டில் உட்காருபவர், கொக்கிக் கம்பியில் நிற்பவர், டிரெய்லரில் ஏறுபவர் யாருக்கும் அதில் இடம் கிடையாது. கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு, சாலையில் போகிறவர்மீது டிராக்டர் மோதினால் கைகொடுக்கும். டிரெய்லரிலிருந்து விழுந்தவரை அந்தக் காப்பீட்டின்கீழ் கொண்டுவருவது கடினம். டிராக்டர் டிரெய்லரில் காய்கறியோடு சென்று உயிரிழந்த ஒரு வியாபாரியின் வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் முடிவு செய்தது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிராக்டரிலிருந்து விழுந்து சக்கரத்தில் சிக்கிய தொழிலாளியின் வழக்கு 2007-இல் வந்தது. விவசாய வேலைக்கென்று காப்பீடு செய்த டிராக்டர் அது. டிரெய்லருக்குக் காப்பீடே இல்லை. தொழிலாளியின் ஏழ்மையைப் பார்த்து, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சுற்றிவந்து கடைசியில் அந்தத் தொகை உரிமையாளர் தலையில்தான் விழுந்தது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கட்டாவிட்டால், அதை நிலவரிப் பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதாவது நிலமே ஜப்திக்கு வரலாம். அந்தப் பக்கம், குடும்பத்தைத் தாங்கிய ஒரு பெண் இடுப்பொடிந்து படுத்திருப்பார். வழக்கு முடிய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே தெருவில் முகம் பார்த்து வாழும் இரண்டு குடும்பங்களும் சேர்ந்தே நொடிந்து போகும்.

நடவு ஆட்களை அழைத்துவர, பயணிகளுக்கென்று பதிவான ஷேர் ஆட்டோவையோ வேனையோ பேசிக்கொள்வதே சரி. 'குட்டி யானை' வண்டியும் சரக்கு வண்டிதான். டிரெய்லருக்குப் பதில் அதில் ஏற்றினால் சிக்கல் தீராது. ஒரே நாளில் பக்கத்து வயல்களிலும் நடவு இருந்தால் வண்டி வாடகையைப் பிரித்துக்கொள்ளலாம். நடவுக் கூலியை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசும்போதே வண்டிச் செலவையும் சேர்த்துப் பேசுவது நல்லது. ஆட்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

இன்றைக்கே பீரோவிலிருந்து பாலிசியை எடுத்துப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் பதிவு எண் அதில் இருக்கிறதா? டிரெய்லருக்குத் தனிப் பதிவும், பாலிசியில் தனி இடமும் வேண்டும். பலர் டிராக்டருக்கு மட்டும் பிரீமியம் கட்டிவிட்டு இரண்டுக்கும் சேர்த்துக் கட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விவசாய உபயோகம் என்று எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு கூலிக்குச் செங்கல், ஜல்லி அடித்தால் மேலே சொன்ன 2007 வழக்கின் கதைதான்.

காகிதம் சரியாக இருந்தாலும் இயந்திரம் சரியாக இருக்க வேண்டும். டிராக்டருக்கு வலது, இடது என்று இரண்டு பிரேக் பெடல்கள் இருப்பது வயலில் சட்டென்று திரும்புவதற்காக. சாலை ஏறும்முன் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டாக வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி ஒரே பக்கம் வெட்டி இழுத்துக் கவிழும். டிஃபரன்ஷியல் லாக்கையும் விடுவித்திருக்க வேண்டும். கேஜ் வீலை வயல் ஓரத்தில் மாட்டி, வயல் ஓரத்திலேயே கழற்ற வேண்டும். சோம்பலில் அப்படியே தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பெயர்வது ஒருபுறம், இரும்புப் பட்டைக்குத் தாரில் பிடிமானம் இல்லாததால் பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கும்.

இரவில் விளக்கில்லாமல் வந்த மாட்டு வண்டியைப் போலீஸ் நிறுத்தியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்காகவே வண்டிக்கு அடியில் லாந்தர் தொங்கியது. இன்று நெல் மூட்டையும் கரும்பும் ஏற்றிய டிரெய்லர்கள் பின்விளக்கு இல்லாமல் போகின்றன. பின்னால் வரும் பைக்காரருக்குக் கரும்புத் தோகைதான் முதலில் தெரியும், அதுவும் முகத்துக்கு நேரே. பின்புறம் சிவப்பு, முன்புறம் வெள்ளை என்று பிரதிபலிப்பு ஒட்டுப்பட்டையை டிரெய்லரின் அகலம் தெரியும்படி ஒட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு மூட்டை யூரியா விலைகூட இருக்காது. பஞ்சராகி நின்றால் சக்கரத்துக்கு வைத்த கல்லை, புறப்படும்போது மறக்காமல் ஓரம் தள்ள வேண்டும்.

கேள்வி: "பவர் டில்லரில் சிறிய டிரெய்லர் கோர்த்து எரு அடிக்கிறேன். இதற்கும் இவ்வளவு சட்டமா?"
– லால்குடி பகுதி வாசகர்

டிரெய்லர் கோர்த்துப் பொதுவழிக்கு வந்துவிட்டால் பவர் டில்லரும் கணக்கில் வரும். டிரெய்லரோடு ஓடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, இழுவை 1.5 டன்னுக்கு மேல் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஈர எரு பார்ப்பதைவிடக் கனமானது. டிரெய்லரை விளிம்பு வரை நிரப்பி இறக்கத்தில் இறங்கும்போது, கைப்பிடி கிளட்சை விட்டுத் திருப்பப் பார்த்தால் டில்லர் எதிர்ப்பக்கம் திரும்பும். பழகியவர்களுக்கு இது தெரியும், புதிதாகக் கூலிக்கு வருபவருக்குத் தெரியாது. அவரிடம் கொடுக்குமுன் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: "ஒரு ரிசார்ட்டில் கோல்ஃப் மைதானத்தில் ஓட்டும் பழைய பேட்டரி வண்டியை விற்கிறார்கள். தோட்டத்தில் காபி, மிளகு மூட்டை எடுக்கவும், அப்படியே பஸ் நிறுத்தம் வரை போய்வரவும் வாங்கலாமா? பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார் விற்பவர்."
– ஏற்காடு பகுதி வாசகர்

தோட்டத்துக்குள் ஓட்டலாம். பஸ் நிறுத்தத்துக்குப் போக முடியாது. தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று செய்த வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால் உள்ளே ஓட்டப் பதிவு தேவையில்லை. சாலைக்கான சோதனைச் சான்று இல்லாத வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியவும் முடியாது. பதிவு இல்லாவிட்டால் சாலையில் ஓட்டுவதற்கான இன்சூரன்ஸும் கிடைக்காது. தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் ஊர்ச்சாலையைக் குறுக்கே கடப்பதும் சாலையில் ஓட்டியதாகத்தான் கொள்ளப்படும்.

விற்பவர் சொல்லும் சலுகை, 250 வாட்டுக்கும் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமும் உள்ள சிறிய மின் இருசக்கர வண்டிக்கு உரியது. கோல்ஃப் வண்டியின் மோட்டார் அதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த வண்டி புல்தரையில் மெதுவாக ஓடச் செய்யப்பட்டது. பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருக்கும். ஏற்காட்டுச் சரிவில் மூட்டையோடு இறங்க அது போதாது. தோட்டத்துக்குள்ளும் சமதளத்தில் மட்டும் ஓட்டுவது நல்லது.

சாலைக்கும் சேர்த்து ஒரு மின் வண்டி வேண்டுமென்றால், சரக்கு ஏற்றவென்று பதிவாகும் மூன்று சக்கர ஈ-கார்ட் இருக்கிறது. மலைச்சாலை ஏற்றத்துக்கு அந்த மாடல் தாங்குமா என்று மூட்டையோடு ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும். எந்தப் பழைய வண்டியானாலும் முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்க வேண்டும். அதைக் காட்ட முடியாத வண்டிக்குத் தோட்டத்துக்குள் ஓடும் வண்டியின் விலையைத்தான் பேச வேண்டும்.