கையா, மனமா?

கோலும் பந்தும் கொண்டு ஆடும் பந்தயங்களில் வெற்றி தருவது கையின் திறமையா, மனத்தின் உறுதியா?

ஒசூர்வாசிகளுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. அங்கிருந்து எல்லை தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் பெங்களூர். அந்நகரத்துப் பங்கஜ் அத்வானி 2003-ல் ஸ்நூக்கரில் முதல் உலகப் பட்டம் பெற்றார். 2024-ல் டோஹாவில் பில்லியர்ட்ஸில் பெற்றது அவருடைய 28-வது உலகப் பட்டம். ஒரு முறை ஜயிப்பதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இருபத்தொரு வருஷம் ஜயிப்பதை அப்படிச் சொல்ல முடியுமா?

இந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. எதிரி பிழை செய்யும் வரையில் நாம் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பலர் மேஜையருகில் தோற்பதில்லை. அந்த நாற்காலியிலேயே தோற்றுவிடுகிறார்கள்.

1985-ல் இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரில் நடந்த தொழில்முறை ஸ்நூக்கர் உலகப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஸ்டீவ் டேவிஸ் அதற்கு முன்பே மூன்று முறை பட்டம் வென்றவர். முதல் எட்டு ஆட்டங்களையும் அவரே ஜயித்தார். எதிர்த்து ஆடிய டென்னிஸ் டெய்லரோ நாற்காலியில் மனம் தளராமல் காத்திருந்தார். மறுநாள் நள்ளிரவு தாண்டிய வேளையில் இருவரும் 17-17 என்று சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டத்தில் மிஞ்சியது கறுப்புப் பந்து ஒன்றே. டெய்லர் அதைத் தவறவிட்டார். டேவிஸும் தவறவிட்டார். பிறகு டெய்லர் பந்தைப் பையில் தள்ளிப் பட்டத்தைக் கைக்கொண்டார். அந்தப் பந்தயம் முழுவதிலும் அவர் முன்னணிக்கு வந்தது அந்த ஒரு கணத்திலேதான்!

அப்படியானால் மன உறுதி மாத்திரம் போதுமா? போதாது. முப்பத்துநாலு ஆட்டங்களுக்குப் பிறகும் டேவிஸோடு சமமாக நிற்கும் கை டெய்லருக்கு இருந்தது. அந்தக் கை இல்லாதவன் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் எட்டாவது ஆட்டத்தோடு வீடு திரும்ப வேண்டியவனே.

ஒசூர்த் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞனுக்கு இது எளிதில் விளங்கும். தனியே இருக்கும்போது சரியாக வேலை செய்வது பாதிப் பழக்கம். மேற்பார்வையாளர் பின்னால் வந்து நிற்கும்போதும் கை நடுங்காதிருப்பதே முழுப் பழக்கம்.

ஆகையால், பரீட்சைக்கோ பந்தயத்துக்கோ செல்லும் குழந்தையிடம் "தைரியமாயிரு" என்று வாசற்படியில் நின்று உபதேசம் செய்வதால் பயனில்லை. பிறர் பார்க்க, தோல்விக்குப் பிறகும் தொடர்ந்து பழகும்படி முன்பே செய்ய வேண்டும். மன உறுதி என்பது நெருக்கடியிலும் கையை விட்டு அகலாத திறமையே அல்லவா?