மூலிகையும் சோதனையும்

ஐம்பதைக் கடந்த ஆடவர் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் தடைப்படுகிறது. இரவில் பன்முறை எழ நேரிடுகிறது. இதற்கெனத் தென்கிழக்கு அமெரிக்காவில் வளரும் சா பால்மெட்டோ என்னும் குட்டைப் பனையின் பழச்சத்து விற்கப்படுகிறது. அமெரிக்க மருத்துவர்கள் 225 பேரிடம் ஓராண்டு சோதித்துக் கண்ட முடிவுகள் 2006-இலும், 369 பேரிடம் மும்மடங்கு அளவு வரை சோதித்துக் கண்ட முடிவுகள் 2011-இலும் வெளியாயின. மருந்தற்ற போலிக் குளிகையைவிட அது மேலானதாக இல்லை. வயிற்றுக் கோளாறு போன்ற சிறு தொல்லைகளே பெரும்பாலும் நேர்கின்றன. ஆனால், கெடுதல் குறைவு என்பது குணம் உண்டு என்பதற்குச் சான்றாகாது. அதை நம்பிக் காலம் கடத்துவதே பெருங்கேடு. புற்றுநோயும் இதே குறிகளைக் காட்டக்கூடும். முளைப்புத் திறன் அறியாமல் விதையும், நெம்பர் பாராமல் நூலும் வாங்காத அங்கத்தினர்கள், மருந்திலும் அவ்வெச்சரிக்கையைக் கைக்கொள்ள வேண்டும். முதலில் மருத்துவரைக் காண்க. மூலிகை உண்பவர் அதனை அவரிடம் மறைக்கலாகாது.